கம்பளிப்பூச்சியின் பெடல்

“ஏன்டி, எப்பப் பாத்தாலும் அப்பா காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

கவுண்டரில் ஆள் இல்லாத மத்தியான நேரம். ஏறுகிறவர்களிடம் டிக்கெட்டாக வாங்கிய பிளாஸ்டிக் வில்லைகளை வாளியோடு கொண்டுவந்து என் மேஜைமேல் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாதது எங்கள் குடும்பத்தில் ஒரு செய்தியே இல்லை. காலி வாளியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

நான் அப்பாவின் வலது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெடலின்மேல் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று.

எங்கள் ராட்டினத்துக்குக் கம்பளிப்பூச்சி என்று பெயர். மேடும் பள்ளமுமான வட்டத் தண்டவாளத்தில் பெட்டிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும். பாதி ஓட்டத்தில் பச்சைத் துணிக்கூரை ஒன்று எழுந்து எல்லாப் பெட்டிகளையும் மூடிக்கொள்ளும். அப்போது வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய பச்சைப் புழு தன் வாலைத் துரத்துவதுபோல் இருக்கும். உள்ளே இருக்கும் ஜோடிகளுக்கு இருட்டு. அந்த இருட்டுக்காகத்தான் அவர்கள் வருகிறார்கள். ஈஸ்டருக்குக் கிளம்பினால் அக்டோபர்வரை வட ஜெர்மனியில் ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போய்க்கொண்டிருப்போம்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான் ஊருக்கு ஊர் மாறியது. புது வகுப்பு, கடைசி பெஞ்சு, எதுவரை படித்திருக்கிறாய் என்று கேட்கும் புது ஆசிரியர். முப்பது பேர் திரும்பிப் பார்க்க எழுந்து நின்று அதைச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அப்பா வருத்தப்படவில்லை. “டிக்கெட் விக்க வாய் எதுக்கு? விரலக் காட்டினா போதும். வாய நான் பாத்துக்கறேன்” என்றார்.

அவர் வாயைப் பார்த்துக்கொண்டார் என்பது உண்மைதான். கண்ணாடி அறையில் ஒரு பக்கம் என் கவுண்டர், மறுபக்கம் அவருடைய பேனல். பேனலில் ஒரு சாவி, ஒரு பச்சைப் பொத்தான், வேகத்துக்கு ஒரு திருகு, முன்னால் பின்னால் ஓட ஒரு கைப்பிடி, கூரைக்கு ஒரு பொத்தான், ஹாரன், எதிலாவது கோளாறு என்றால் அடிக்க ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். வளைந்த கம்பியில் மைக். மைக்கை அவர் காலையில் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார்.

“ஏறுங்க, ஏறுங்க! கனமானவங்க வெளிப்பக்கம், லேசானவங்க உள்பக்கம்! யார் கனம்னு இப்பவே சண்ட போடாதீங்க, மூடி மூடினப்புறம் போட்டுக்கலாம்! அஞ்சாம் பெட்டி, தம்பி, அது உன் பொண்டாட்டியா இல்ல அவன் பொண்டாட்டியா? சரி சரி, நான் கேக்கல. மூடி வருது! உள்ள நடக்கறது எனக்கும் தெரியாது, உங்க மாமியாருக்கும் தெரியாது!”

சுற்றிலும் மனிதர்களைத் தலைகீழாகத் தொங்கவிடும் புது ராட்டினங்கள் நிற்கும். எங்களுடையது பழையது, மெதுவானது. ஜனங்கள் எங்களிடம் வந்தது ஐலெர்ட்டின் பேச்சைக் கேட்கத்தான். ஐலெர்ட் என்பது அப்பா பெயர். அவர் அந்த நாற்காலியில் இல்லையென்றால் கம்பளிப்பூச்சியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவரே சொல்வார். அம்மாவும் அதை மறுத்ததில்லை.

பேனலுக்குக் கீழே இருந்த பெடல் பிறகு வந்தது. புது விதி. ஓட்டுகிறவர் அதை மிதித்துக்கொண்டே இருந்தால்தான் பெட்டிகள் ஓடும். காலை எடுத்தால் நின்றுவிடும். மயங்கி விழுந்தாலும், நாற்காலியை விட்டு எழுந்து போனாலும், ராட்டினம் தானாக ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. அதைப் பொருத்திய அன்று அப்பா, “நான் என்ன தையக்காரனா? மிதிச்சு மிதிச்சுச் சட்ட தைக்கவா?” என்று மைக்கிலேயே கேட்டார்.

அந்த வருஷம் மார்ச்சில், குளிர்காலக் கொட்டகையில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் நாட்களில், அவர் பூட்ஸின் அடியில் ஒரு திருகாணி ஏறியிருந்தது. காலை முழுக்க அதோடு நடந்திருக்கிறார். கொட்டகையின் தரையில் ரத்தத்தை முதலில் பார்த்தது நான். உட்கார்ந்து, குறடால் அதை உருவி எடுத்து, அது வேறு யாருடைய காலிலிருந்தோ வந்தது என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சர்க்கர வியாதி இருக்கில்ல, அதான். வலி தெரியல” என்றார். பிறகு, “அம்மாகிட்ட சொல்லாத. வலிச்சுதுன்னு நான் சொல்லிக்கறேன். ஐலெர்ட்டுக்குக் கால் மரத்துப்போச்சுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கே எவனாவது ராட்டினத்த விலைக்குக் கேட்டு வந்து நிப்பான்.”

சொல்லாதே என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னார்.

மே மாதத்தில் பெட்டிகள் ஓட்டத்தின் நடுவில் நிற்க ஆரம்பித்தன. பேச்சு சூடுபிடிக்கும்போது அவர் கண்ணாடிப் பக்கம் சாய்வார், கால் பெடலிலிருந்து நழுவும், அவருக்குத் தெரியாது. பெட்டிகள் முனகிக்கொண்டு நிற்கும். அவர் அசராமல், “பெட்ரோல் தீந்துபோச்சு! எட்டாம் பெட்டிப் பெரியவரே, எறங்கி ஒரு கை தள்ளறீங்களா?” என்பார். கூட்டம் சிரிக்கும். அதற்குள் குனிந்து பார்த்துக் காலை எடுத்து வைத்துவிடுவார். இன்னொரு முறை, “போலீஸ் சோதன! முத்தம் குடுத்தவங்க கையத் தூக்குங்க!” சிலர் உண்மையாகவே தூக்கினார்கள்.

அம்மா பெடலுக்கு அடியில் இருந்த ஸ்விட்சைச் சந்தேகப்பட்டாள். ஜூனில் புது ஸ்விட்ச் போட்டோம். பிறகு வயர். எங்களிடம் வேலை செய்யும் வியேஷெக், போலந்துக்காரர், பெட்டிகளின் தடுப்புக் கம்பிகளைச் சரிபார்த்து மூடுகிறவர், பேனலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“கீழ ஒண்ணும் இல்ல, முதலாளியம்மா. எல்லாம் சுத்தம்.”

“அப்ப ஏன் நிக்குது?”

வியேஷெக் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா, “வயசாச்சுல்ல அதுக்கு. மூச்சு வாங்குது” என்றார்.

“ஸ்விட்ச மாத்தியாச்சு, வயர மாத்தியாச்சு” என்றாள் அம்மா. “இனி எத மாத்தணும், ஐலெர்ட்?”

“மழைய மாத்து. ஒரு வாரமாப் பெய்யுது.”

அடுத்த ஊரில் அப்பா பெடல்மேல் கட்டை வைத்தார்.

எந்த ஊரில் இறங்கினாலும் நாங்கள் லாரியிலிருந்து முதலில் இறக்குவது மரக்கட்டைகளைத்தான். தரை சரிந்த பக்கம் கட்டைகளை அடுக்கி, மட்டம் பார்த்த பிறகுதான் மேலே ராட்டினம் ஏறும். அதனால் எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் கட்டைதான் மருந்து. மேஜை ஆடினால் கட்டை. கதவு அடித்துக்கொண்டால் கட்டை. நாங்கள் குடியிருக்கும் வண்டிவீட்டில் கட்டில் சரிந்தால் கட்டை. அப்பா சரியான கனத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, பெடலின்மேல் வைத்து, மேலே பேனலின் அடிப்பலகைக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு மெல்லிய துண்டைச் செருகினார். பெடல் கீழேயே நின்றது.

“பாத்தியா? இந்தக் கால் நழுவாது” என்றார் என்னிடம்.

அன்று மத்தியானம் பெட்டிகள் ஒருமுறைகூட நிற்கவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு முழுக்க ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்து பேசினார். அவருக்குப் பின்னால் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாருடைய காலும் அவற்றைப் பிடித்திருக்கவில்லை.

இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் நான் என் நாற்காலியைச் சற்று நகர்த்திக் காலை நீட்டிப் பார்த்தேன். எட்டியது. மெல்லிய துண்டை உதைத்து எடுத்துவிட்டு, கட்டையை நகர்த்திவிட்டு, என் காலைப் பெடலில் வைத்தேன். மரம் தரையில் உரசிய சத்தம் கேட்டு அப்பா குனிந்து பார்த்தார். என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மைக்கில், “அடுத்த ஓட்டம் ரெடி!” என்று சொல்லிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

கோடை முழுக்க அப்படியே போனது. வாய் அவருடையது, கை அவருடையது, கால் என்னுடையது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பெடலை மிதிக்க ஆரம்பித்த பிறகு என் கண்கள் கவுண்டர் ஜன்னலில் நிற்க மறுத்தன. காசை வாங்கி வில்லையைத் தள்ளிவிட்டு மேடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பெண்மணி, “முகத்தப் பாத்துக் குடுத்தா கொறஞ்சா போயிடுவே?” என்று திட்டிவிட்டுப் போனாள்.

ஆகஸ்டில் எனக்குப் பதினெட்டு முடிந்தது. அதே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நல்ல கூட்டம். கூரை மூடியிருந்தது. வியேஷெக் வழக்கம்போல ஓடும் பெட்டியின் பின்படியில் நின்றுகொண்டு சுற்றிவந்தார். மேடை ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். ஓடும்போதே பின்பக்கமாகக் குதித்து இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோல் நடந்து போவார்கள். பெண்கள் பார்ப்பார்கள் என்பதற்காக. வியேஷெக்குக்கு ஐம்பது வயது. அவரும் குதித்தார். அவருடைய கோட்டின் பட்டை பெட்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது.

“இன்னொரு சுத்து வேணுமா?” என்று அப்பா கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேணும்!”

“கேக்கல! வேணுமா?”

நான் காலை எடுத்தேன்.

பெட்டிகள் நின்றன. வியேஷெக் முழங்காலில், ஒரு கை கோட்டுக்கு வெளியே, ஒரு கை உள்ளே, போலிஷ் மொழியில் கத்திக்கொண்டிருந்தார். அப்பா மைக்கை மூடினார்.

“ஏன் எடுத்தே?”

நான் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினேன். அவர் திரும்பவில்லை.

“ஜனங்க வேணும் வேணும்னு கத்தறாங்க, நீ நிறுத்தறே. ஓட்டறது யாரு? நீயா, நானா?”

அதற்குள் வியேஷெக் படியேறி வந்துவிட்டார். கோட்டின் ஒரு கை கிழிந்து தொங்கியது.

“முதலாளி, கோட்டு போச்சு. உள்ள நான் இருந்தேன், நான் போகல. நிறுத்தினது யாரு? அவங்களுக்கு ஒரு பீர் வாங்கித் தரணும்.”

“நான்தான்” என்றார் அப்பா. “வேற யாரு நிறுத்துவா?”

வியேஷெக்கின் பார்வை தாழ்ந்து, பெடலுக்குப் பக்கத்தில் இன்னும் நீட்டியபடி இருந்த என் காலில் ஒரு கணம் நின்றது. “சரி முதலாளி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலையில் என் கவுண்டர் விளிம்பில் சூடான சர்க்கரைப் பாதாம் பொட்டலம் ஒன்று இருந்தது. அப்பாவுக்குப் பீரும் கிடைத்தது. அவர் அதைக் குடித்தார்.

அக்டோபரில் பெரிய சந்தைத் திருவிழா. அது நடந்தால்தான் குளிர்காலத்தை ஓட்ட முடியும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். திறப்பதற்கு முந்தின நாள் பரிசோதகர் வந்து பார்த்து, திறக்கலாம் என்று எழுதித் தர வேண்டும். இந்த முறை வந்தவர் புதியவர், டாம்மான் என்று பெயர். கம்பளித் தொப்பி போட்டிருந்தார். போல்ட்டுகளையும் கட்டைகளையும் தடுப்புக் கம்பிகளையும் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் வந்து, எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றார். அம்மா கதவுப் படியில் நின்றாள். அறையில் அதற்குமேல் இடமில்லை. என் காலால் பெடலை எட்ட முடியவில்லை.

“ஓட்டுங்க” என்றார்.

அப்பா குனிந்து பார்த்துக் காலை வைத்தார். பச்சையை அழுத்தினார். காலிப் பெட்டிகள் கிளம்பின.

“இப்பக் கால எடுங்க.”

“எடுத்துட்டேன்.”

பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் சாய்ந்து பார்த்தேன். குதிகால்தான் எழுந்திருந்தது. பூட்ஸின் முன்பக்கம் பெடலின்மேல் அப்படியே கனத்துக் கிடந்தது.

“எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டேங்கறேனே. என்ன, கழட்டி உங்க கையில குடுக்கணுமா?”

டாம்மான் சிரிக்கவில்லை. தானே கை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினார். பொத்தானை விடுவித்துவிட்டு, “மறுபடியும்” என்றார்.

இந்த முறை அப்பா முழங்காலோடு தூக்கினார். பெட்டிகள் நின்றன. “பாத்தீங்களா?” என்றார். மூன்றாவது முறை காலைக் கீழே வைத்தபோது அவர் குனிந்து பார்க்கவில்லை. டாம்மானைப் பார்த்துச் சிரித்தபடி வைத்தார். அது பெடலுக்குப் பக்கத்தில், இரும்புத் தகட்டின்மேல் இறங்கியது. பச்சையை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை.

“மிதிங்க.”

“மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

டாம்மான் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “ஒரு தடவ நிக்கல. ஒரு தடவ நிக்குது. ஒரு தடவ கிளம்பவே இல்ல. முழுசாக் கெட்டுப்போன ஸ்விட்சுக்கு நான் பயப்பட மாட்டேங்க. இஷ்டத்துக்கு நடக்கற ஸ்விட்சுக்குத்தான் பயம். இத நான் திறக்க விட முடியாது.”

“ஜூன்லதான் மாத்தினோம், புதுசு” என்றாள் அம்மா.

“அப்ப புதுசும் சரியில்லம்மா.”

“ஸ்விட்சு கம்பெனிக்காரன் மோசம்” என்றார் அப்பா. “எங்கப்பா காலத்துலேருந்து இதுல ஒருத்தருக்குச் சுண்டுவிரல்கூட நசுங்கினதில்ல. சாயங்காலத்துக்குள்ள வேற போட்டுடறோம். நீங்க ஒரு காபி குடிச்சுட்டு வாங்க.”

“சாயங்காலம் நான் வேற ஊர்ல இருப்பேன். சரிபண்ணிட்டு எழுதிப்போடுங்க. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்.”

அடுத்த வாரம் என்றால் சந்தையில் பாதி போயிருக்கும். அவர் பையைத் திறந்து சீல் வைக்கும் நாடாவை எடுத்தார். பேனலின் சாவித்துளைக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்தார். அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அந்த நாடா பைக்குள் திரும்பிப் போய்விடும். அந்த வாக்கியத்தைச் சொன்னால் நாற்காலி போய்விடும். அவர் ஸ்விட்ச் கம்பெனியைப் பற்றி மேலும் பேசினார். போன வருஷம் மற்றொருவருக்கும் இப்படித்தான் ஆனது என்றார். வானம் ஈரமாக இருந்தால் மின்சாரமே இப்படித்தான் என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். டாம்மான் வழிவிட்டு ஒதுங்கினார். மண்டியிட்டு, அப்பாவின் பூட்ஸை இரண்டு கையாலும் தூக்கித் தள்ளி வைத்தேன். கனமாக இருந்தது. அவர் பேச்சு நின்றது. எழுந்து, என் காலைப் பெடலில் வைத்து, அவருக்குக் குறுக்கே கை நீட்டிப் பச்சையை அழுத்தினேன்.

பெட்டிகள் ஓடின. காலை எடுத்தேன். நின்றன. மிதித்து அழுத்தினேன், ஓடின. எடுத்தேன், நின்றன.

“இன்னும் ஒரு தடவ” என்றார் டாம்மான். “கூரைய மூடிக்கிட்டு.”

கூரை மூடியது. ஓடின. நின்றன.

டாம்மான் பேனலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பூட்ஸ் நான் வைத்த இடத்தில், வைத்த கோணத்தில், நுனி உள்பக்கம் திரும்பியபடி அப்படியே இருந்தது. காலில் உணர்ச்சி உள்ள ஒருவராலும் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது.

“ஸ்விட்சு நல்லாத்தான் இருக்கு” என்றார். நாடாவைப் பைக்குள் போட்டார். ராட்டினத்தின் பரிசோதனைப் புத்தகத்தை எடுத்துப் பேனல்மேல் விரித்தார். “ஓட்டறவர் பேரு?”

வெளியே வியேஷெக் பெட்டிகளின் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி உரசும் சத்தம் கேட்டது.

“சர்க்கரையா?” என்று டாம்மான் அப்பாவிடம் கேட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். “எங்க அண்ணனுக்கும் அப்படித்தான்.”

அப்பா வாயைத் திறந்தார். மூடினார்.

“டோம்கெ” என்றாள் அம்மா. “எங்க பொண்ணு. ஆகஸ்ட்ல பதினெட்டு முடிஞ்சுது. அவ பேர எழுதிக்குங்க.”

டாம்மான் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எழுதினார். எங்கள் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலை அம்மா சொன்னாள்.

“மைக்குல அவர் பேசலாமா?” என்று அம்மா கேட்டாள். “அதுதாங்க எங்க ராட்டினம். அவர் பேச்சுதான்.”

“யார் பேசினாலும் எனக்குக் கவல இல்லம்மா. இந்த நாற்காலில இந்தப் பொண்ணு மட்டும்தான் உக்காரணும். பேசறவர் வெளிய நின்னு பேசட்டும். மைக் வயர் நீளமா இருக்கா?”

“நீளமாப் போட்டுக்கலாம்” என்றாள் அம்மா. “ஐலெர்ட், வியேஷெக்க விட்டு வயர நீட்டச் சொல்றேன். படிக்கிட்ட ஸ்டூல் போட்டுக்கலாம். மழைக்கு, மேல ஒரு தார்ப்பாய். என்ன?”

டாம்மான் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, மை காய ஊதினார்.

அப்பா பேனலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொக்கியிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வலது காலைப் பார்த்தார். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு அதைத் தூக்கி வைத்தார். அம்மா படியிலிருந்து விலகி நின்றாள். கைப்பிடிக் கம்பியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் குனிந்து பார்த்து, அவர் கீழே இறங்கினார். வியேஷெக் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, “முதலாளி?” என்றார். அப்பா நிற்கவில்லை. இன்னும் திறக்காத பாதாம் கடைக்கும் எங்கள் லாரிக்கும் நடுவில் இருந்த சந்தில், ஒரு வார்த்தையும் பேசாமல், தரையைப் பார்த்தபடி நடந்து போனார்.